நிழலுக்கு அஞ்சும் மீன்

உதகையில் ஒரு பெரியவர் வீட்டில் பழைய தகர டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார்கள். தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவர், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுச்சென்ற டப்பா. உள்ளே கம்பளித் துணியில் குத்தி வைக்கப்பட்டிருந்தவை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய தூண்டில் முட்கள். ஒவ்வொன்றிலும் இறகும் ரோமமும் சேர்த்துக் கட்டிப் பூச்சிபோல ஆக்கியிருந்தார்கள். ட்ரௌட் மீனை ஏமாற்றுவதற்கான பொய்ப்பூச்சிகள். ஆங்கிலத்தில் ஃப்ளை என்பார்கள். உடன் வந்த நண்பர்கள் இறகுகளின் நிறத்தை வியந்துகொண்டிருந்தார்கள். என் கண் போனது முள்ளின் தண்டை நெருக்கமாகச் சுற்றியிருந்த நூலின்மேல். தொட்டுப் பார்க்கவேண்டிய தேவைகூட இல்லை. ஆரணியில் பிறந்து, பாவு நீட்டிய தெருக்களில் குனிந்து நுழைந்து பள்ளிக்கூடம் போனவனுக்குப் பட்டுநூல் எங்கிருந்தாலும் தெரியும். எண்பது தொண்ணூறு வருடங்களுக்குப் பிறகும் அந்த ஆரஞ்சு நிறம் மங்கியிருந்ததே தவிர நூல் தளரவில்லை.

அன்று தொடங்கிய வாசிப்பின் விளைவு இந்தக் கட்டுரை. என்னுடைய கருத்து பலருக்கு உவப்பாக இராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூழலியல் நண்பர்களுக்கும் சரி, காலனியத்தின் எச்சம் எதைக் கண்டாலும் முகம் சுளிக்கும் இலக்கிய நண்பர்களுக்கும் சரி, இதில் ஏதாவது ஒரு பத்தி உறுத்தும்.

பட்டிலிருந்தே தொடங்கலாம். பொய்ப்பூச்சித் தூண்டிலின் அடிப்படை விநோதம், அந்தப் பூச்சிக்கு எடை கிடையாது என்பது. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டோ தக்கையோ புழுவோ எடை கொடுக்கும். வீசினால் போய் விழும். இறகைக் கட்டிய முள்ளை வீசினால் அது முகத்துக்கு நேரே மிதந்து கீழே விழும். ஆகவே எடையைக் கயிற்றில் வைத்தார்கள். கயிறு கனமாக இருந்து, சாட்டைபோல் முன்னும் பின்னும் சுழன்று, முனையில் இருக்கும் பூச்சியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கயிறு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பின்னிய பட்டு. ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். நீரில் மிதக்கவேண்டும் என்பதற்காக மேலே கொழுப்புப் பூசுவார்கள். மாலையில் வீடு திரும்பியதும் கயிறு முழுவதையும் பிரித்துக் காயப்போடவேண்டும். ஈரத்தோடு சுற்றி வைத்தால் இற்றுப்போகும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறும்போது பாவைப் பற்றி நெசவாளி படும் கவலையை அறிந்தவர்களுக்கு இது அந்நியமான வேலை அல்ல.

கயிற்றின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை ஒன்று வேண்டும். அது பட்டு நூல் அல்ல, பட்டுப்புழுவே. ஸ்பெயின் நாட்டின் முர்சியா பகுதியில் இதை ஒரு தொழிலாகவே நடத்தினார்கள். கூடு கட்டத் தயாராகும் தறுவாயில் புழுவை எடுத்துக் காடியில் ஊறப்போடுவார்கள். பிறகு அதைப் பிளந்து, பட்டு சுரக்கும் பையை எடுத்து, இரண்டு கைகளாலும் மெல்ல இழுத்தால் அது ஒற்றை நரம்பாக நீண்டு காற்றில் இறுகிவிடும். ஒரு புழுவிலிருந்து கிடைப்பது ஓரிரு முழத்துக்கும் குறைவு. அத்தகைய துண்டுகளை முடிச்சிட்டு நீளமாக்கவேண்டும். காய்ந்தால் உடையும் என்பதால் மீன்பிடிக்கப் போகும் முன் நீரில் ஊறவைக்கவேண்டும். 1930களின் கடைசியில் நைலான் வந்து, உலகப்போர் முடிந்தபின் இந்தத் தொழிலையே துடைத்தெறிந்தது. நம் ஊர்த் தூண்டில்காரர்கள் நைலான் இழையை இன்றும் நரம்பு என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் முர்சியாவின் புழுவுக்கும் உறவு உண்டு என்று நான் வாதிடப்போவதில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் காடியில் ஊறிய புழு நினைவுக்கு வருவதைத் தவிர்க்கமுடியவில்லை.

கழியும் நம்முடையதுதான். சீனத்து மூங்கில் சந்தையைப் பிடிக்கும்வரை மேல்நாட்டில் கழி செய்தவர்கள் கல்கத்தா மூங்கிலையே பிளந்து ஒட்டினார்கள். இறகில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்டது நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. மெழுகுச் சொட்டுபோல் மஞ்சள் புள்ளி உள்ள அந்த இறகுக்காகவே எத்தனையோ சேவல்கள் கொல்லப்பட்டு, பின்னர் ஏற்றுமதியைத் தடைசெய்ய வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் ஓடையொன்றில் ஒரு பிரபு தனியாக நின்று மீன் பிடித்தார் என்று படிக்கும்போது, அவர் கையில் வங்காளத்து மூங்கிலும் தென்னிந்தியக் காட்டின் இறகும் ஏதோ ஒரு நாட்டின் பட்டும் இருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டியிருக்கிறது.

அந்த மீன் நம்மிடம் வந்த கதை சுருக்கமானது. 'இந்திய மீன்கள்' பற்றிய பெருநூலை எழுதிய பிரான்சிஸ் டே, சென்னை ராணுவ மருத்துவப் பணியில் இருந்தவர். 1860களில் அவர் ட்ரௌட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நீலகிரியில் விட முயன்றார்; வெப்பத்தில் முட்டைகள் செத்தன. 1907-ல் எச்.சி. வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தபிறகே காரியம் கைகூடியது. பழுப்பு ட்ரௌட் இங்கே நிலைக்கவில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் ட்ரௌட் நிலைத்தது. இலங்கையில் நுவரெலியாவின் ஓடைகளுக்கு அதற்கு முன்பே ட்ரௌட் வந்துவிட்டது. காஷ்மீரில் 1900-ல் ஸ்காட்லாந்து முட்டைகள் பொரித்தன. அந்த முயற்சியை முன்னின்று நடத்திய மிட்செல் என்பவர் ஸ்ரீநகரில் கம்பளத் தொழில் நடத்தியவர். நெசவுக்கும் இந்த மீனுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் போலிருக்கிறது.

யாருக்காக இதெல்லாம் என்ற கேள்விக்கு விடை எளிது. மலையில் கோடையைக் கழிக்க வந்த அதிகாரிகளுக்கும் தோட்டத் துரைகளுக்கும் ஊர் நினைவு வேண்டியிருந்தது. 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு சட்டம் இயற்றினார்கள். காப்பது என்றால் யாரிடமிருந்து, யாருக்காக என்று அந்தச் சட்டத்தைப் படிக்கும் எவருக்கும் விளங்கும். அந்த ஓடைகளின் கரையில் எருமை மேய்த்த தோடர்கள் மரபாக மீனே உண்ணாதவர்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே, சிற்றிதழ்ச் சந்திப்பு ஒன்றில் நான் இதைப் பற்றிப் பேசியபோது, "துரைமார் விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது.

மறுபாதியைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

நீலகிரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தென்மேற்குப் பருவம் தொடங்கும்வரை உள்ள மாதங்களில், மாசியிலிருந்து சித்திரைவரை என்று வைத்துக்கொள்ளலாம், ஓடைகள் வற்றி மெலிகின்றன. சோலைக்குள்ளிருந்து வரும் நீர் முழங்கால் ஆழம்கூட இருக்காது. அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியும். மேல்நாட்டில் வசந்தம் முற்றிக் கோடையைத் தொடும்போது ஓடைகள் எப்படி இருக்குமோ அதே நிலை. தூண்டில் எழுத்தாளர்கள் மிகக் கடினமான நேரம் என்று சொல்வது இதைத்தான். வெள்ளத்தில், கலங்கிய நீரில், மீனுக்கு யோசிக்க அவகாசம் இல்லை, கண்டதைக் கவ்வும். வற்றிய தெளிந்த நீரில் மீன் எல்லாவற்றையும் பார்க்கிறது.

எதைப் பார்க்கிறது என்பதற்கு ஒளியியல் இருக்கிறது. நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகத்தான் தெரியும். ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சாளரத்தின் குறுக்களவு ஏறத்தாழ இரண்டேகால் அடி. அதற்கு வெளியே நீரின் மேற்பரப்பு கண்ணாடியாகி ஆற்றின் அடித்தளத்தையே பிரதிபலிக்கும். கரையோரம் இருப்பதெல்லாம் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிக் குறுகித் தெரியும். எனவே, தொலைவில் குனிந்து வருபவன் மீனுக்குக் கிட்டத்தட்ட இல்லை. நிமிர்ந்து நின்றால் வானத்தில் முளைத்தவன்போல் எழுகிறான். ட்ரௌட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். உணவு அந்தத் திசையிலிருந்து வருகிறது, மூச்சும் அப்படித்தான். அதன் முதுகுப்புறத்தில் குருட்டுப் பகுதி உண்டு. ஆகவே கீழிருந்து மேலாக, ஓடைக்குள் கால்வைக்காமல், கல் உருளாமல், சூரியனைப் பார்த்து நிழல் பின்னால் விழும்படி ஏறவேண்டும். பெரும்பாலான நேரம் முழங்காலில்தான் நகர வேண்டியிருக்கும். வாய்ப்பு ஒன்றுதான். முதல் வீச்சு தவறினால் மீன் கல்லுக்கடியில் போய்விடும், அரைமணி நேரத்துக்கு வராது.

வீச்சு சரியாக விழுந்தாலும் போதாது. ஓடையின் நடுவே நீர் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடும். கயிறு வேகத்திலும் பூச்சி மெதுவிலும் கிடந்தால், கயிறு பூச்சியைச் சற்றே இழுக்கும். நமக்குத் தெரியாத அந்த இழுப்பு மீனுக்குத் தெரியும். தானாக மிதந்துவரும் பூச்சி அப்படி நகராது. இந்த ஒரு இழுப்பை நீக்குவதற்காகவே மேல்நாட்டார் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். தறியில் ஊடை ஒரு இழை தளர்ந்தால் சேலையை விரித்துப் பார்க்கும்போது அங்கே ஒரு கோடு விழும். கடைக்காரர் விரலை அங்கேதான் வைப்பார். மீனும் அப்படிப்பட்ட கடைக்காரர்தான்.

இந்த நுட்பமெல்லாம் நம் மரபில் இல்லாதது என்று எண்ணுபவர்கள் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பார்க்கவேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. கச்சிக்குப் போகும் வழியைச் சொல்வது. அதாவது எங்கள் ஊர்ப் பக்கத்து நூல். அதில் ஒரு பாண்மகன் நீண்ட மூங்கில் கழியில் தூண்டில் கட்டி மீன் பிடிக்கிறான். இரைப்பையைத் தோலால் செய்து கழியிலேயே கட்டியிருக்கிறான். வாளை ஒன்று முள்ளைத் தனியே விட்டு இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்புகிறது. தப்பிய பிறகு, நீர் ஓரத்தில் நிற்கும் பிரம்பின் நடுங்கும் நிழலைப் பார்த்துத் தூண்டிற்கழிதான் மறுபடி வந்துவிட்டது என்று அஞ்சுகிறது. இவ்வளவும் நான்கைந்து அடிகளில் முடிந்துவிடுகிறது. ஒருமுறை முள்ளைக் கண்ட மீன் மறக்காது, அசையும் நிழலை அது பகையாகக் கொள்ளும் என்பவை தெளிந்த நீரைப் பற்றிய தூண்டில் நூல்களில் முதல் பாடம். ஐசக் வால்டன் தன் புகழ்பெற்ற தூண்டில் நூலை வெளியிட்டது 1653-ல். நம் புலவர் ஏறத்தாழ ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நீர்க்கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். (இதைச் சொன்னதும் "எல்லாம் நம்மிடமே இருந்தது" என்று தோள் தட்டிக்கொள்ளும் கூட்டத்தில் என்னைச் சேர்க்கவேண்டாம். எனக்கு வருத்தமே இந்தப் பார்வை நம்மிடம் தொடரவில்லை என்பதில்தான்.)

நண்பரின் கேள்விக்கான மறுபாதி விடை இது. விளையாட்டு துரைமாருடையது. ஆனால் ஓடையின் ஒரு முழத்தை அரைமணி நேரம் உற்றுப் பார்ப்பது யாருடைய தனிச்சொத்தும் அல்ல. பயனற்ற ஒன்றுக்காக இப்படிப் பார்ப்பவர்கள் இருக்கும் நாட்டில்தான் ஆறு நோயுறும்போது முதல் கூக்குரல் எழுகிறது. ட்ரௌட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். இருபது பாகை செல்சியஸைத் தாண்டினால் அது மூச்சுக்குத் திணறத் தொடங்கும். அந்த நேரத்தில் அதைத் தூண்டிலில் போராட வைத்தால் திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. அதனால் மேல்நாட்டில் தூண்டில்காரன் பையில் வெப்பமானி வைத்திருக்கிறான், சூடு ஏறினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புகிறான். எந்தக் கல்லுக்கடியில் எந்தப் பூச்சி, எந்த வாரத்தில் சிறகு முளைத்து எழும், சென்ற ஆண்டைவிட எத்தனை நாள் முந்தி என்றெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைக்கிறான். பின்னாளில் விஞ்ஞானிகள் தேடுவது அந்த நாட்குறிப்புகளைத்தான்.

ஆனால் இதற்காக நான் ட்ரௌட்டின் வக்கீலாகிவிடத் தயாராக இல்லை. நீலகிரியின் உயரத்து ஓடைகள் பெரிய மீன் எதுவும் இல்லாமல், பூச்சியும் நண்டும் தலைப்பிரட்டையுமாகப் பல்லாயிரம் ஆண்டுகள் இருந்தவை. அங்கே வேறெங்கும் இல்லாத தவளைகள் உண்டு. தலைப்பிரட்டையை விரும்பி உண்ணும் மீனை அங்கே கொட்டியதன் விலை என்ன என்பதை அறிய கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையைப் பார்க்கலாம். மீனே இல்லாத அதன் ஏரிகளில் விளையாட்டுக்காக ட்ரௌட் விட்டார்கள். மஞ்சள்கால் தவளை மறைந்துகொண்டே வந்தது. ஆராய்ச்சியாளர்கள் சில ஏரிகளில் வலைபோட்டு மீனை முழுவதும் அகற்றிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் தவளைகள் திரும்பின. இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

மீன் விடுவதே இயற்கைக்குச் செய்யும் சேவை என்ற நம்பிக்கை நம்மிடம் இன்னும் ஆழமாக இருக்கிறது. காவிரியின் மஹசீர் கதை அதற்கு நல்ல மருந்து. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சென்னை மாகாண அதிகாரி 1873-ல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தக் காலத்திலிருந்து காவிரியின் திமில் மஹசீர் உலகப் புகழ் பெற்றது. 1970களிலிருந்து அந்த ஆற்றில் நல்லெண்ணத்தோடு பொரிப்பகத்துக் குஞ்சுகளை விட்டார்கள். அவை வேறு இன மஹசீர். வந்தவை பெருகின, இருந்தவை அருகின. திமில் மஹசீருக்கு அறிவியல் முறைப்படி பெயர் உறுதியானதே 2018-ல்தான். டோர் ரெமாதேவியே என்ற அந்தப் பெயர் கிடைத்தபோது அது அழிவின் விளிம்பில் இருந்தது. எஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று மாயாறு. அதாவது நீலகிரியின் பைக்காரா நீர் இறங்கிச் சேரும் ஆறு. மேலே அமெரிக்க மீனைக் கொண்டுவந்து விட்டுப் பொரிப்பகம் கட்டிய அதே மலையின் அடிவாரத்தில், நம்முடைய மீன் பெயர் கிடைத்த கையோடு சாகக் கிடக்கிறது.

ஆகவே என் நிலைப்பாடு இது. முக்குருத்தி போன்ற காப்புப் பகுதிகளின் ஓடைகளில் இனி ஒரு குஞ்சுகூட விடக்கூடாது. அங்கே தானாகப் பெருகிக்கொண்டிருக்கும் ட்ரௌட்டை ஓர் ஓடையிலாவது முழுவதும் அகற்றி, தவளையும் பூச்சியும் என்ன ஆகின்றன என்று பத்தாண்டுகள் கணக்கெடுக்கவேண்டும். அவலாஞ்சிப் பொரிப்பகம் நூற்றாண்டு கடந்த ஒன்று. அதை மூடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அணைநீரிலும் வளர்ப்புத் தொட்டிகளிலும் அந்த மீன் இருக்கட்டும். அங்கே அனுமதிச் சீட்டோடு தூண்டில் போடுவதை மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகளாக இருந்து நடத்தட்டும். தூண்டில்காரர்கள் இதைக் கேட்டு, ஓடை இல்லாமல் அணையில் என்ன ருசி என்பார்கள். உண்மைதான். அந்த ருசிக்கு ஒரு தவளையினத்தின் விலை அதிகம்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது பற்றியும் ஒரு வார்த்தை. நவீன தூண்டில்காரர்கள் இதைப் பெரிய அறமாகச் சொல்கிறார்கள். கொல்வதில்லை, முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். மீனின் வாயில் முள்ளைக் குத்தி, சோர்ந்து விழும்வரை இழுத்து, புகைப்படம் எடுத்துவிட்டு விடுதலை அளிப்பதில் எனக்குக் கருணை தென்படவில்லை. இரண்டு மீன் பிடித்து, தீயில் வாட்டித் தின்றுவிட்டு, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போகிறவன்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம். அவன் மீனோடு வைத்திருக்கும் உறவு பழையது, பாண்மகன் வைத்திருந்தது. ஆனால் இதை நான் சொல்லும் தொனியில் அதிக உயரம் இருக்கக்கூடாது என்பதும் தெரியும். எங்கள் ஊர் பிழைப்பதே கூட்டோடு கொதிநீரில் போடப்பட்ட புழுக்களால். ஒரு முகூர்த்தச் சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஊரே கொண்டாடியபோது நானும் மகிழ்ந்தவன்தான்.

இனி நீருக்கு வருகிறேன். ட்ரௌட்டைப் பற்றிச் சூழலியலாளர்கள் கோபப்படும்போது எனக்கு ஒன்று இடிக்கும். அந்த மீன் ஓடையில் நிகழ்த்திய மாற்றம், ஓடைக்கே நாம் நிகழ்த்தியதன் முன் எம்மாத்திரம்? 1932-ல் பைக்காரா மின்திட்டம். அதன்பின் குந்தா திட்டத்தில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று அணை அணையாக எழுந்தன. பள்ளத்தாக்குகள் மூழ்கின. புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி வாட்டில் மரமும் தைலமரமும் பைனும் நட்டார்கள். வாட்டில் எதற்கு? அதன் பட்டையிலிருந்து எடுக்கும் சாறு தோல் பதனிட வேண்டும். தமிழகத்தின் தோல் தொழில் எங்கே இருக்கிறது? பாலாற்றங்கரையில்: வாணியம்பாடியில், ஆம்பூரில், ராணிப்பேட்டையில். மலையில் புல்வெளி போனது ஒரு முனை என்றால், பாலாறு கறுத்தது மறுமுனை. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அந்தத் தொழிற்சாலைகளைப் பற்றிச் சொன்ன தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக வைக்கிறார்கள். பாலாற்றுக்கு அதனால் என்ன பலன் என்பதைப் பாலத்தின்மேல் நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எங்கள் கமண்டல நாகநதி அந்தப் பாலாற்றின் பேத்தி. சவ்வாது மலையில் பிறந்து, படவேட்டைத் தொட்டு, ஆரணி வழியாக வந்து, செய்யாற்றில் கலந்து, செய்யாறு பாலாற்றில் கலக்கிறது. ஜமதக்னி முனிவரின் கமண்டலத்து நீர் ஆறாகப் பெருகியது என்று படவேட்டில் ரேணுகையம்மன் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆறு அணிந்த ஊர் என்பதால் ஆரணி என்றும் சொல்வார்கள். இன்று வருடத்தின் பெரும்பகுதி ஆறு என்பது மணலும் சீமைக்கருவேலும்தான், பல இடங்களில் மணலும் இல்லை. வெள்ளம் வந்த வாரங்களில் பாலத்தில் கூட்டம் கூடும். கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். மறுவாரம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த ஆற்றில் என்னென்ன மீன் இருந்தன என்று ஊரில் இருபது பேரைக் கேட்டேன். கெளுத்தி, குரவை, கெண்டை, அயிரை. அதற்குமேல் பெயர் வரவில்லை. எழுபது வயது நெசவாளி ஒருவர் மட்டும், வெள்ளம் வடிந்து நீர் கண்ணாடியாகும் மாதத்தில் குட்டையில் வயிற்றோரம் செம்புள்ளி உள்ள சிறுமீன் ஒன்று கூட்டமாக வரும், நிழல் பட்டால் ஒரே திருப்பாகத் திரும்பும், அதைப் பிடிக்க யாராலும் முடிந்ததில்லை என்றார். பெயர் கேட்டேன். "பேரு வெச்சதில்லீங்க, அது பாட்டுக்கு இருந்துது" என்றார்.

தமிழில் ஆற்றைப் பற்றி எழுதியவர்கள் குறைவல்லர். ஆறு நம் இலக்கியத்தில் தாய், காதலி, காலம், நினைவு என்று பலவாக இருக்கிறது. ஆனால் அதில் முழங்கால் அளவு நீரில் எந்த மாதம் என்ன உயிர் இருக்கும் என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணவேண்டும். மா. கிருஷ்ணன் இருந்தார், தியடோர் பாஸ்கரன் எழுதுகிறார், இன்னும் சிலர். கவிஞர்களில் பலர், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன், மீனை 'மீன்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். உருத்திரங்கண்ணனார் வாளை என்றார், பிரம்பு என்றார், கழி மூங்கில் என்றார். அதனால்தான் அந்த நிழல் இன்றும் நடுங்குகிறது. துரை விட்டுப்போன டப்பாவில் ஒவ்வொரு பொய்ப்பூச்சிக்கும் ஒரு பெயர் இருந்தது. மூடியின் உட்புறம் ஒட்டிய தாளில் பென்சிலால் எழுதியிருந்தார்கள். எந்தப் பூச்சியின் எந்தப் பருவத்துக்கு எது, காலையா மாலையா, நீர் உயரமா தாழ்வா என்பதெல்லாம் அதில் இருந்தன. மீனைச் சாகடிக்க எழுதிய குறிப்புதான். ஆனால் அந்த ஓடைகளின் பூச்சிகளைப் பற்றி அந்த வீட்டில் இருந்த ஒரே எழுத்து அது.

சென்ற மார்கழியில் படவேட்டுப் பக்கம் போயிருந்தேன். மழை நன்றாகப் பெய்த ஆண்டு. மலையடிவாரத்தில் நீர் கணுக்காலளவு ஓடியது, மணல் எண்ணத் தெரிந்தது. கிழக்கே பார்த்துக் குனிந்து, உதகையில் படித்த வித்தையை நினைவில் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக நடந்தேன். சிறுமீன் கூட்டம் ஒன்று நீரை எதிர்த்து நின்றது. செம்புள்ளி இருந்ததா என்று பார்க்க இன்னும் இரண்டு முழம் போகவேண்டும். பின்னால் ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெண், "என்னங்க தொலைச்சீங்க?" என்று கேட்டார். நான் நிமிர்ந்துவிட்டேன்.